இதயத்தின் பின்வாசல்

ஈசிஜி இயந்திரம் தாளின் தலையில் தன் கருத்தையும் அச்சடித்தே தருகிறது. 'நார்மல்' என்று அது சொல்லிவிட்டால் இளம் டாக்டர்களான உங்களுக்கு ஒரு நிம்மதி. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவீர்கள். நான் குறை சொல்லவில்லை. காவாந்தண்டலம் பஸ்ஸும் சாலவாக்கம் பஸ்ஸும் அடுத்தடுத்து வந்து இறக்கிவிட்ட கூட்டம் வாசலில் நெருக்கியடித்து நிற்கும்போது, இயந்திரத்தோடு மல்லுக்கட்ட யாருக்கு நேரம் இருக்கிறது? ஆனாலும் எனக்கு அந்த நிம்மதி கடைசிவரை பழகவில்லை. அதற்குக் காரணம் என் பேராசிரியர்.

அவர் ஈசிஜித் தாளைக் கையில் வாங்கியதும் முதல் காரியமாக அச்சடித்த வரியின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துவிடுவார். "மெஷின் சொல்றத அப்புறம் பார்த்துக்கலாம், நீ என்ன சொல்ற?" என்று கேட்பார். நாங்கள் அவருக்குக் கட்டைவிரல் சார் என்று பெயர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும். ஒருமுறை வலது கட்டைவிரல் கார்க் கதவில் நசுங்கிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கு இடது கட்டைவிரலால் மறைத்தார்.

பணி ஓய்வுக்குப் பிறகும் நான் உத்திரமேரூரை விட்டுப் போகவில்லை. பள்ளிவாசல் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் குடியிருக்கிறேன். இங்கே புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் நீங்கள் சாயங்காலங்களில் வந்து என் டீயைக் குடித்துவிட்டு, "மேடம், மறக்க முடியாத கேஸ் ஒண்ணு சொல்லுங்க" என்கிறீர்கள். மறக்க முடியாதவை நிறைய இருக்கின்றன. அதில் பாதியைக் கேட்டால் நீங்கள் வேறு வேலை தேடப் போய்விடுவீர்கள். இது அப்படிப்பட்டதல்ல. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைகிறது. பெயர்களை மட்டும் மாற்றிச் சொல்கிறேன்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, ஒரு குடும்பம் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தது. கடைத்தெருவில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கும் சாதிக் முன்னால் வந்தார். பின்னால் அவருடைய அம்மா ஜைத்தூன், கையில் பிறந்து சில வாரங்களே ஆன பெண் குழந்தை. எல்லோருக்கும் பின்னால், துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் சாதிக்கின் மனைவி ரெஹானா. அவள் ஜைத்தூனுக்கு அண்ணன் மகள். அதனால் மாமி என்று கூப்பிடுவதில் அத்தை, மாமியார் என்ற இரண்டு உறவும் அடங்கிவிடும். அண்ணன் இறந்தபின் அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்ததே ஜைத்தூன்தான். வளர்த்த பெண்ணையே மகனுக்குக் கட்டிவைத்திருந்தார்.

ஜைத்தூன் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டரம்மா, நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க. இவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே வலிப்பு கீது. கொயந்தைய ராத்திரில இவ பக்கத்துல போட்டுட்டு நான் எப்டித் தூங்கறது? வலிப்பு வந்து அது மேலயே வுயுந்துட்டான்னா? பால் பவுடர் எழுதிக் குடுங்க. நான் வளத்துக்கறேன்."

ரெஹானா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குப் பால் கீது டாக்டரம்மா. கம்மியாதான் கீது. அதுக்கும் மாத்திர சாப்ட்டுக்கினு கீறேன். என் கொயந்தைய என்கிட்ட குடுக்கச் சொல்லுங்க. பகல்ல மட்டும் பால் குட்த்துட்டு வாங்கிக்கினு போயிடறாங்க."

ஒரே மேஜைக்கு முன்னால் இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் வேண்டியது என்னுடைய ஒரு வார்த்தை. யார் பக்கம் சொன்னாலும் மற்றவர் மனசு உடையும். சாதிக் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எல்லா ஆண்களும் பார்க்கிற இடம் அதுதான்.

கதையை முதலிலிருந்து கேட்டேன்.

சிறுமியாக இருந்தபோது ரெஹானா பெரும்பாலும் நோன்பு மாதத்தில்தான் மயங்கி விழுந்திருக்கிறாள். விடியலுக்கு முன் சஹர் உணவுக்கு எழுப்புகிற நேரத்தில் கண் செருகும், கை கால் வெட்டும். நம் பக்கத்தில் வழக்கம் தெரியுமல்லவா, வலிப்பு என்றால் உடனே இரும்பைக் கையில் திணிப்பார்கள். ஜைத்தூன் இடுப்பில் பீரோ சாவி, கடைச் சாவி, பரண் பெட்டிச் சாவி எல்லாம் கோத்த ஒரு கொத்து எப்போதும் இருக்கும். அதைப் பிடுங்கிப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து அழுத்துவார். சற்று நேரத்தில் எழுந்துவிடுவாள். இரும்புக்குப் பெயர் கிடைத்துவிட்டது. கொடுக்காவிட்டாலும் எழுந்திருப்பாளா என்று சோதித்துப் பார்க்க எந்த வீட்டில் மனசு வரும்?

டாக்டர்களும் தங்கள் பங்குக்குச் செய்தார்கள். மூளை ஸ்கேன் சரியாக இருந்தது, மூளை அலைச் சோதனையும் சரியாக இருந்தது. ஆனாலும் வலிப்பு மாத்திரை தொடர்ந்தது. மாத்திரை சாப்பிட்டும் மயக்கம் வந்தபோது, அவள் நடிக்கிறாள் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பிரசவமான ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்த மறுநாளே மறுபடி விழுந்தாள். பிரசவ ஜன்னி என்று கருதி மக்னீசியம் ஊசி போட்டார்கள், உடனே அடங்கிவிட்டது. அந்த டாக்டரை நான் தப்புச் சொல்லமாட்டேன். பிள்ளை பெற்றவளுக்கு வலிப்பு என்றால் யாருக்கும் முதலில் அதுதான் தோன்ற வேண்டும். ஆனால் அவளுடைய ரத்த அழுத்தம் அன்றைக்கும் சரியாகவே இருந்திருக்கிறது. சிறுநீரில் புரதமும் இல்லை. ஊசிக்குக் கேட்டது என்பதாலேயே நோயும் உறுதியாகிவிட்டது. சாவிக்கொத்தின் கதைதான், கொஞ்சம் படித்த கதை.

வலிப்பு நோயாளி வந்தால் நாம் எல்லோரும் விழுந்தபிறகு நடந்ததையே கேட்போம். நுரை வந்ததா, நாக்கைக் கடித்தாளா, சிறுநீர் போனதா என்று. நான் ரெஹானாவிடம், விழுவதற்கு முன்னால் கடைசியாக என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன்.

"சத்தம் டாக்டரம்மா."

"என்ன சத்தம்?"

"எதாச்சும் ஒண்ணு. சின்னப் புள்ளைல சஹர் பாவா வந்து தப்ஸ் அடிப்பாரு இல்ல, அது. அப்பால ஒருவாட்டி அடுப்பாங்கரைல தட்டு வுயுந்த சத்தம். இப்போ கொயந்த வீல்னு அய்தா." அவள் கொஞ்சம் யோசித்தாள். "எல்லாமே தூங்கிக்கினு கீறப்பதான். முயிச்சிக்கினு கீறப்ப ஒண்ணும் ஆவறதில்ல."

வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: தப்ஸ் என்பது வட்டமான ஒற்றைத் தோல் கருவி. நோன்பு மாதத்தில் அதைத் தட்டிப் பாடிக்கொண்டு வந்து தெருத்தெருவாக எழுப்புகிறவரைத்தான் சஹர் பாவா என்பார்கள். செல்போன் அலாரம் வந்தபிறகு பல ஊர்களில் அந்த வழக்கம் நின்றுவிட்டது. எங்கள் பகுதியில் நிற்கவில்லை.

ஜைத்தூன் குறுக்கிட்டார். "சொன்னா யாரும் நம்பமாட்டேன்றாங்க டாக்டரம்மா. கட்டை மாதிரி கெடப்பா. அப்பால எய்ந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி எல்லாருக்கும் டீ போட்டுக்கினு இருப்பா. பாக்கறவங்களுக்கு நான்தான் பொய் சொல்ற மாதிரி ஆயிடுது."

அவர் அதைக் குறையாகச் சொன்னார். எனக்கோ அதுதான் முக்கியமான சேதி. மூளையிலிருந்து வருகிற பெரிய வலிப்புக்குப் பிறகு ஆள் வெகுநேரம் குழம்பிக் கிடப்பார். எழுந்து டீ போடமாட்டார். ரத்த ஓட்டம் சட்டென்று நின்று, சட்டென்று திரும்பினால்தான் இவ்வளவு தெளிவாக எழ முடியும். அதாவது நாம் தேட வேண்டியது தலைக்குள் இல்லை, நெஞ்சுக்குள்.

ஈசிஜி எடுத்தோம். 'நார்மல்' என்றது இயந்திரம். கட்டைவிரலை வைத்து மறைத்தேன்.

துடிப்பு முடிந்து ஓய்கிற இடத்தில் ஒரு மேடு வருமல்லவா, டி அலை, அது அவளுக்குத் தாழ்வாக, நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு மேடாக இருந்தது. முதல் மேடு முடிந்ததுமே எல்லாம் முடிந்ததென்று இயந்திரம் நினைத்துக்கொண்டது. நான் துடிப்பின் தொடக்கத்திலிருந்து இரண்டாவது மேட்டின் அடிவரைக்கும் அளந்தேன். இருக்க வேண்டியதைவிட வெகுவாக நீண்டிருந்தது.

கல்லூரியில் இதை ஒரு படமாகப் பார்த்திருப்பீர்கள், தேர்வு முடிந்ததும் மறந்திருப்பீர்கள். இதயத்தின் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் புரதத்தால் ஆன நுண்ணிய வாயில்கள் பதிந்திருக்கின்றன. சேனல் புரதங்கள். சோடியமும் கால்சியமும் தத்தம் வாயில் வழியாக உள்ளே வரும்போது இதயம் சுருங்குகிறது. அதைத்தான் துடிப்பு என்று ஊரே கொண்டாடுகிறது. பொட்டாசியம் தன் வாயில் வழியாக வெளியேறினால்தான் செல் பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த துடிப்புக்குத் தயாராகும். அந்தத் திரும்புதலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் நம் இதயம் கண்டபடி துடிக்காமல் காக்கிற காவல்காரன் அந்தப் பொட்டாசியம் வாயில்தான். பிறவியிலேயே அது மந்தமாக இருக்கிற சிலர் உண்டு. செல் இன்னும் ஓய்ந்து முடியாத நேரத்தில் திடீரென்று ஒரு சத்தம் கேட்டு உடம்பு திடுக்கிட்டால், இதயம் தாளம் தப்பி நடுங்க ஆரம்பித்துவிடும். நடுக்கம் தானாக நின்றால் மயக்கத்தோடு போகும். நிற்காவிட்டால் ஆளே போய்விடுவார்.

"சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் காட்டு," என்றேன். ரெஹானா ஒரு மஞ்சள் பையைக் கவிழ்த்தாள். பால் சுரக்க என்று மருந்துக்கடையில் கொடுத்த வாந்தி மாத்திரை ஒன்று. சளிக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் ஒன்று. அதைச் சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வேறு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சாதாரண மருந்துகள். நானே எத்தனையோ பேருக்கு எழுதியிருப்பேன். ஆனால் இரண்டுமே அந்தப் பொட்டாசியம் வாயிலைப் போய் அடைக்கிற குணமுள்ளவை. வயிற்றுப்போக்கு உடம்பில் இருந்த பொட்டாசியத்தையும் வெளியேற்றிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குப் பால் வேண்டுமென்று அவள் ஆசையாகச் சாப்பிட்டது அவளையே கொண்டுபோக இருந்தது.

மாத்திரைகளை நிறுத்தி, வார்டில் சேர்த்து, மானிட்டரை மாட்டினோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்சுக்குச் சொல்லியிருந்தோம். எங்கள் வண்டி புள்ளலூரில் ஒரு விபத்துக்குப் போயிருந்தது. வார்டில் யாரும் சத்தம் போடக்கூடாது என்று சொல்லிவைத்தேன். ஸ்டெல்லா சிஸ்டர் எல்லாருடைய செல்போனையும் வாயடைத்தார். டிராலியின் கிறீச்சிடும் சக்கரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரெஹானா அசந்து தூங்கினாள். குழந்தையைச் சாதிக்கிடம் கொடுத்துவிட்டு ஜைத்தூன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பார்த்தால் கறாரான மாமியார், ஆனால் அன்றைக்கு அவர் வயிறு காய்ந்து கிடந்தது. அந்தப் பெண்ணை நினைத்து ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. எங்கள் கண்ணில் படாமல் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மருமகளின் தலையணைக்கு அடியில் செருகிவைத்தார். காவலுக்கு.

ரெஹானா புரண்டு படுத்தாள். சாவிக்கொத்து நழுவி, கட்டிலுக்குக் கீழே இருந்த எவர்சில்வர் பேசினில் போய் விழுந்தது. அந்த அமைதியில் அது வெடி வெடித்த மாதிரி கேட்டது.

நான் அடுத்த கட்டிலில்தான் நின்றிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது மானிட்டரில் கோடு முறுக்கிக்கொண்டிருந்தது. பெரிதாகி, சிறுத்து, மறுபடி பெரிதாகி, முறுக்குப் பிழிகிற மாதிரி. அவள் கண் செருகி, கை வெட்டியது. ஜைத்தூன் குனிந்து சாவியைத் தேடினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் வலிப்பு, வலிப்பு என்றார்கள். உண்மையில் அது வலிப்பு மாதிரியேதான் இருந்தது. மானிட்டர் இல்லாவிட்டால் நானும் சத்தியம் செய்திருப்பேன்.

என்னோடு பணியில் இருந்த இளம் டாக்டர் கெட்டிக்காரப் பெண். கோட்டைப் பார்த்ததும் இதயத் துடிப்புக் கோளாறு என்று புரிந்துகொண்டார். உடனே அவசர டிரேயிலிருந்து அமியோடரோன் ஊசியை எடுத்துவிட்டார். வேகமாக ஓடுகிற இதயத்தை அடக்க நாம் எல்லோரும் முதலில் கை நீட்டும் மருந்து.

"அது வேணாம், கீழ வை," என்றேன்.

"மேடம், இது வி.டி. தானே..."

"முறுக்கைப் பாரு. இது வேற. அந்த மருந்தும் அதே கதவைத்தான் அடைக்கும்."

ஷாக் கருவியைத் தயாராக இழுத்து வைக்கச் சொன்னேன். அதற்குள் முறுக்கு தானாக அவிழ்ந்தது. அவள் மூச்சை இழுத்தாள். மறுபடி ஒரு சின்ன முறுக்கு வந்து நின்றது. அடுத்தது எப்போது வரும், நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. இப்போது வேண்டியது மக்னீசியம். எங்கள் வார்டு அலமாரியில் அது இல்லை. இங்கே எப்படி மேடம் கிடைக்கும் என்று இளம் டாக்டரின் கண்கள் கேட்டன.

"சிஸ்டர், பிரசவ வார்டு," என்றேன். ஸ்டெல்லா நான் முடிப்பதற்குள் ஓடியிருந்தார். பிள்ளைகளே, சின்ன ஆஸ்பத்திரி என்று நீங்கள் அலுத்துக்கொள்கிறீர்கள். பிரசவம் பார்க்கிற எந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலும் ஜன்னிக்காக மக்னீசியம் எப்போதும் இருக்கும். உங்கள் வார்டில் என்ன இருக்கிறது என்பதோடு அடுத்த வார்டில் என்ன இருக்கிறது என்பதையும் வேலைக்குச் சேர்ந்த அன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மக்னீசியம் மெதுவாக உள்ளே போனது. சொட்டு மருந்தில் பொட்டாசியமும் ஏறியது. கோடு சீரானது. ரெஹானா கண்ணைத் திறந்து, வழக்கம்போல் ஒன்றுமே நடக்காத மாதிரி, "கொயந்த பால் குட்சாளா?" என்று கேட்டாள்.

ஜைத்தூன் கையில் சாவியோடு நின்றிருந்தார். அதை அவள் கையில் வைக்க அவருக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. சாவி இல்லாமலே அவள் எழுந்துவிட்டாள். அவர் சாவியைப் பார்த்தார், பேசினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் தலைக்கேறித்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அவரே முந்தானையில் ஒரு மூலையைக் கிழித்து, சாவிக்கொத்து சத்தம் போடாதபடி இறுக்கிச் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் சாதிக்குக்கு விளக்க வேண்டியிருந்தது. அவரிடம் சேனல் புரதம் என்றெல்லாம் பேசினால் நடக்குமா? "உங்க கடைக்கு ரெண்டு வாசல் இருக்கில்ல?" என்று கேட்டேன்.

"ஆமா. பெருநாள் நேரத்துல முன்பக்கமா வுடுவோம், பின்பக்கமா அனுப்புவோம். இல்லன்னா நெருக்கியடிச்சிக்கினு பேஜாராயிடும்."

"உங்க வீட்டுக்காரம்மா இதயத்துல அந்தப் பின்வாசல் துரு பிடிச்சிருக்கு. கூட்டம் மெதுவாத்தான் வெளிய போகுது. அந்த நேரம் பார்த்து வாசல்ல யாராவது கூச்சல் போட்டா?"

"ஆளுங்க மிதிபட்டுப் பூடுவாங்க," என்றார். பிறகு கேட்டார்: "அப்போ அவ நடிக்கல?"

"இல்ல."

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

பெரிய ஆஸ்பத்திரியில் உறுதி செய்தார்கள். இதயத்தைத் திடுக்கிடாமல் பார்த்துக்கொள்கிற மாத்திரை ஒன்றை ஆரம்பித்தார்கள். தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை என்றார்கள். வலிப்பு மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினார்கள். நெஞ்சில் கருவி பொருத்துவதைப் பற்றியும் பேச்சு வந்தது. மாத்திரைக்கு அடங்குவதால் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவானது. எந்தெந்த மருந்து அவளுக்கு ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பிவந்த ரெஹானா என்னைப் பார்க்க வந்தாள். குழந்தை அப்போதும் மாமியின் கையில்தான் இருந்தது.

"வலிப்பு இல்லன்னு சொல்றீங்க, சரி," என்றார் ஜைத்தூன். "நோவு கீதுதான? சத்தம் கேட்டா வுயுந்துடுவான்னு நீங்களே சொல்றீங்க. கொயந்த அயறதே சத்தம்தான? அப்பால எப்டி நான் இவகிட்ட குடுப்பேன்?"

நியாயமான கேள்வி. அவர் கொடுமைக்காரி இல்லை. பயந்தவர். வாதாடுவதற்குப் பதிலாக, "உங்க குடும்பத்துல தூக்கத்துலயே திடீர்னு இறந்தவங்க யாராவது உண்டா?" என்று கேட்டேன். இது ரத்தத்தில் வருகிற கோளாறு, அதனால் எப்படியும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

அவர் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "என் தங்கச்சி," என்றார் கடைசியில். "கல்யாணம்கூட ஆவல. சஹருக்கு எய்ப்பினா எய்ந்திரிக்கல. பேய் அமுக்கிடுச்சின்னு சொன்னாங்க. எங்க அண்ணனும் அப்டித்தான். ஹார்ட்டு அட்டாக்குன்னாங்க."

அண்ணன் என்றால் ரெஹானாவின் அப்பா.

"உங்களுக்கும் ஒரு ஈசிஜி எடுத்துடலாம்," என்றேன்.

"எனக்கு இன்னாத்துக்கு? நான் கல்லு மாதிரி கீறேன்."

"கல்லா இருந்தாலும் எடுத்துப் பார்ப்போம். வலிக்காது."

முணுமுணுத்துக்கொண்டே போய்ப் படுத்தார். தாள் வந்தது. இந்த முறையும் கட்டைவிரலை வைத்து மறைத்தேன். அதே தாழ்ந்த அலை, நடுவில் அதே பள்ளம், இரண்டு மேடு. ரெஹானாவின் தாளைப் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று சொல்ல முடியாது.

இரண்டு தாளையும் மேஜைமேல் வைத்து அவரிடம் காட்டினேன். படிக்கத் தெரியாதவர்தான். ஆனாலும் துணிக்கடைக்காரர் வீட்டுப் பெண்மணி, ஒரே டிசைன் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டார்.

"நீங்க எப்பவாவது விழுந்திருக்கீங்களா?"

"சின்ன வயசுல," என்றார் தாழ்ந்த குரலில். "வூட்ல வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. சாவிதான் குடுப்பாங்க. அதான் இதே சாவி. எங்கம்மாவோடது."

குழந்தை சிணுங்கியது. ஜைத்தூன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ எனக்கும் அதே நோவுதான் கீது," என்றார்.

"ஆமாம்மா."

"இத்தினி நாளா ராத்திரில நான்தான வச்சிக்கினு படுத்தேன்."

"ஆமாம்."

அவர் எழுந்தார். ரெஹானாவிடம் போய்க் குழந்தையை அவள் மடியில் வைத்தார். போர்வையைச் சரி செய்தார். "இந்தாடி, உன் பொண்ணு," என்றார். "ரெண்டு பேருமே ஒரே மாதிரின்னா பெத்தவகிட்டயே இருக்கட்டும்."

ரெஹானா குழந்தையின் நெற்றியில் முகத்தை வைத்து அழுதாள். அன்றைக்கு எனக்கு அடுத்த டோக்கனைக் கூப்பிட மனசே வரவில்லை. அழுத டாக்டரைப் பார்த்து நோயாளிகள் பயந்துவிடுவார்கள் என்று சற்று நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். நல்ல நாட்கள் நம் தொழிலில் உண்டு, பிள்ளைகளே. அவை வரும்போது நின்று அனுபவித்துவிடுங்கள்.

சாதிக்குக்கு அந்தக் கோளாறு இல்லை. குழந்தைக்கு இருந்தது. அதைச் சொல்லும்போது நான் தயங்கினேன். ஜைத்தூன் தயங்கவில்லை. "தெரிஞ்சிக்கினோம் இல்ல? என் தங்கச்சிக்குத் தெரியாம போச்சி. இதுக்குத் தெரிஞ்சிட்ச்சி," என்றார். இப்போது அந்தக் குட்டி பள்ளிக்கூடம் போகிறது. காலையில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து மருந்து சாப்பிடுகிறார்கள். குட்டி முகத்தைக் கோணிக்கொள்ளும், பாட்டி அதைவிட அதிகமாகக் கோணுவார்.

அந்த வீட்டில் இப்போது அலாரம் கிடையாது. பால் குடிக்கிற வயதில் குழந்தை ராத்திரியில் சாதிக் பக்கம் படுத்திருக்கும். அது சிணுங்க ஆரம்பித்ததுமே அவர் எழுந்து தூக்கி, மனைவியின் பாதத்தை மெல்லத் தொட்டு எழுப்பிப் பால் கொடுக்கச் சொல்வார். பிள்ளை வளர்ந்தபிறகு ரெஹானா நோன்பு வைக்க ஆசைப்பட்டாள். ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்துவிட்டு, சஹரில் மாத்திரையும் இளநீரும் வாழைப்பழமும் தவறக்கூடாது என்ற நிபந்தனையோடு சரி என்றேன். தொடர்ந்து பார்க்க வருகிறாள்.

மிச்சம் இருந்தது சஹர் பாவா. சாதிக் அவரிடம் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பெரியவர் ஆடிப்போய்விட்டாராம். "இத்தினி வருசமா அந்த வூட்ல நானா வுய வச்சிக்கினு இருந்தேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். சாதிக்தான் சமாதானம் சொல்லியிருக்கிறார். தெருவில் மற்றவர்களை யார் எழுப்புவது என்று பேச்சு வந்தபோது பாவாவே வழி சொல்லிவிட்டார். அந்த வீடு இருக்கிற பள்ளிவாசல் தெருமுனை வந்ததும் தப்ஸைக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறார். பாட்டும் கிடையாது. ஒவ்வொரு கதவையும் விரல் நுனியால் தட்டிவிட்டு நடக்கிறார். அந்த ஒரு கதவை மட்டும் தட்டாமல் தாண்டிப் போகிறார். அதைச் சாதிக் பார்த்துக்கொள்வார் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு வயதாகிவிட்டது, விடியலுக்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. நோன்பு மாதத்தில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். தப்ஸ் சத்தம் தூரத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்து, தெருமுனையில் நின்றுபோகும். ஒரு தெரு நீளத்துக்கு ஒன்றுமே கேட்காது. பாட்டியும் மருமகளும் பேத்தியும் அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள், அல்லது யாரோ ஒருவர் இன்னொருவரின் பாதத்தைத் தொட்டு எழுப்பிக்கொண்டிருப்பார். தெருவின் மறுகோடியில் தப்ஸ் மறுபடி தொடங்கும்வரை காத்திருப்பேன். அது தொடங்கியதும் புரண்டு படுத்துத் தூங்கிவிடுவேன்.